கேள்வி பதில்: கோமாளியின் கோட்டு

கே: ராஜாவை மந்திரி கேலி செய்தால் தலை போகும். அரசவைக் கோமாளி மட்டும் எப்படித் தப்பினான்?

ப: கெட்டிக்காரக் கோமாளி ராஜாவை மறுத்தே பேச மாட்டான். ராஜா ஓரடி வைத்தால் இவன் அதே திசையில் பத்தடி ஓடுவான். சீனாவில் சின் வம்சத்தின் இரண்டாம் பேரரசருக்குத் திடீரென ஓர் ஆசை: நகர மதில் முழுக்க அரக்கு மெருகு பூச வேண்டும். அவையில் இருந்த விகடன் யோ சான் பிரமாதம் என்று பாராட்டினான். மதில் வழவழவென்று ஆகிவிடும், எதிரி ஏறினால் வழுக்கி விழுவான், பூசுவதும் சுலபம். ஆனால் பூசிய அரக்கை மூடிய இடத்தில் வைத்தல்லவா காய வைக்க வேண்டும், மதிலையே உள்ளே வைக்கிற அளவுக்குக் கொட்டகை போடுவதுதான் கொஞ்சம் சிரமம் என்றான். பேரரசர் சிரித்துவிட்டார். திட்டம் அதோடு போச்சு. 2,000 வருடங்களுக்கு முன்பே சிமா சியான் தன் வரலாற்று நூலில் இப்படிப்பட்டவர்களுக்கென்று தனி அத்தியாயம் ஒதுக்கியிருக்கிறார். தளபதிகளையெல்லாம் தாண்டிக்கொண்டு நான் முதலில் படித்தது அதைத்தான்.

எல்லாரும் தப்பவில்லை. இங்கிலாந்தில் ஆர்ச்சி ஆம்ஸ்ட்ராங், முதலாம் ஜேம்ஸிடமும் பிறகு முதலாம் சார்லஸிடமும் கோமாளியாக இருந்தவர். பேராயர் லாட் திணித்த பிரார்த்தனைப் புத்தகத்தால் ஸ்காட்லாந்தில் கலவரம் வெடித்தபோது, ‘இப்போது யார் முட்டாள்?’ என்று அவரிடமே கேட்டுவிட்டார். உடனே விசாரணை. கோமாளிக் கோட்டைத் தலைவழியாகக் கழற்றிவிட்டு வேலையிலிருந்து நீக்கும்படி உத்தரவு. இரண்டு ராஜாக்களிடம் பிழைத்தவர் ஒரு பேராயரிடம் மாட்டிக்கொண்டார்.

கே: ஓவியங்களில் கோமாளிகள் சிரிப்பதே இல்லையே, ஏன்?

ப: நீங்கள் மனதில் வைத்திருப்பது போலந்து அரசவைக் கோமாளி ஸ்டாஞ்சிக்கின் படமாக இருக்கலாம். போலந்து ஓவியர் யான் மாதெய்கோ 1862-இல் வரைந்தது. இரவல் புத்தகத்தில் தீப்பெட்டி அளவு அச்சில் முதலில் பார்த்தபோது, ஆட்டம் முடிந்து களைத்துப்போன நடிகர் என்றே நினைத்தேன். அப்படியில்லை. கதவுக்கு அப்பால் போலந்து ராணி போனாவின் விருந்தும் நடனமும் நடக்கின்றன. பக்கத்து மேசையில் ஸ்மோலென்ஸ்க் நகரம் பறிபோன செய்தியுடன் ஒரு கடிதம். சிவப்பு உடையில், விரல்களைக் கோத்தபடி இவர் மட்டும் நாற்காலியில். கோமாளிக்கோல் தரையில் கிடக்கிறது. (நகரம் பறிபோனது 1514, போனா ராணியானது 1518. கணக்கு உதைக்கிறது. ஆனால் அந்த முகத்தைப் பார்த்த பிறகு யார் கணக்குக் கேட்கப்போகிறார்கள்?)

ஸ்பெயினின் வெலாஸ்கெஸ் வேறு ரகம். நான்காம் பிலிப் அரசவையின் பாப்லோ தெ வயதொலித்தை அவர் நிற்க வைத்திருக்கும் இடத்தில் சுவரும் இல்லை, தரைக்கோடும் இல்லை. காலடியில் கொஞ்சம் நிழல், அவ்வளவுதான். அது சோகம் என்று நான் சொல்ல மாட்டேன். ராஜாவுக்குத் தரும் மரியாதையோடு ஒரு விகடனைப் பார்த்திருக்கிறார்.

கே: நம் சமஸ்கிருத நாடகங்களின் விதூஷகனும், ஷேக்ஸ்பியரின் ‘முட்டாள்’ என்கிற கோமாளியும் ஒன்றுதானா?

ப: ஒன்றில்லை. விதூஷகன் பிராமணன், ஆனால் பிராகிருதம் பேசுவான், சாப்பாட்டு ராமன். ஷேக்ஸ்பியரின் லியர் ராஜாவுடைய முட்டாளுக்கு வாய்த்தது புயலும் குளிரும். ஆனால் ஒரு ஒற்றுமை என்னை விடாமல் துரத்துகிறது: இரண்டு பேரையும் நாடகாசிரியர்களே அப்புறப்படுத்துகிறார்கள். லியரின் முட்டாள் மூன்றாம் அங்கத்துக்குப் பிறகு வருவதே இல்லை. சாகுந்தலத்தில் துஷ்யந்தன், ‘அந்தப் பெண் விஷயம் சும்மா விளையாட்டு’ என்று சொல்லி விதூஷகனை ஊருக்கு அனுப்பிவிடுகிறான். ஐந்தாம் அங்கத்திலும் சகுந்தலை வருவதற்குச் சற்று முன்பு அவனுக்கு வேறொரு ராணியைச் சமாதானப்படுத்தும் வேலை கொடுத்து வெளியே அனுப்பியாகிவிடுகிறது. அவன் மட்டும் உண்மை தெரிந்து அங்கே நின்றிருந்தால், ராஜாவைச் சகுந்தலையை மறக்க வைத்த சாபம் என்ன செய்திருக்கும்? ‘ஓய், அந்த ஆசிரமத்துப் பெண்தானே?’ என்று கேட்டிருப்பான். நாடகம் அங்கேயே படுத்திருக்கும். காளிதாசனுக்கு அது தெரிந்திருக்கிறது.

கே: இந்தப் பத்திரிகையின் கோமாளி நீங்கள்தானே?

ப: ஆசிரியரைப் பற்றிப் போன இதழில் நான் எழுதிய இரண்டு வரிகள் அச்சில் வரவில்லை. கோட்டு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.