மரையும் புரியும் சுக்கானும்: கேள்வி பதில்

ஐ.டி.ஐ.யில் கடைசல் பிரிவில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். தாத்தா தூத்துக்குடித் தோணியில் தண்டல், அதாவது தோணித் தலைவர். பட்டறைச் சொல்லும் கடல் சொல்லும் கேட்டே வளர்ந்தேன்.

பாளையங்கோட்டை: அண்ணாச்சி, ஸ்க்ரூவுக்குச் சரியான தமிழ் எது?

திருகாணி. அதன் உடம்பில் சுற்றி ஓடும் வரி மரை. முடுக்குகிற கருவி திருப்புளி; திருப்புகிற உளி. போல்ட்டைப் போல்ட் என்றும் நட்டை நட்டு என்றும் சொல்லுங்கள், தப்பே இல்லை. பட்டறையில் நின்று நட்டுக்குத் "திருகுசுரை எடு" என்றால் பையன் முழிப்பான்.

சங்கரன்கோவில்: அப்படியானால் சுரை என்ற சொல் வழக்கொழிந்து விட்டதா?

இல்லை அக்கா, உங்கள் காதிலேயே இருக்கிறது. தோட்டைக் கழற்றிப் பாருங்கள். காதுத் துளைக்குள் போகிற குழல்தான் சுரை, அதற்குள்ளே உள்மரை. பின்னாலிருந்து ஏறுகிற திருகாணியில் வெளிமரை. போல்ட்டும் நட்டும் செய்கிற அதே வேலையை நம் ஆசாரி நெல்மணி அளவுப் பொன்னில் செய்து வைத்திருக்கிறார். ஒன்று கவனியுங்கள். திருகாணியைப் போட்டதும் அழுத்தி முடுக்காதீர்கள். முதலில் எதிர்ப்பக்கம் அரைச்சுற்று மெல்லத் திருப்புங்கள். மரையோடு மரை சேரும்போது லேசாக 'டக்' என்று விரலில் தெரியும். அதற்குப் பிறகு முடுக்கினால் சாயாமல் ஏறும். சாய்ந்து ஏறிய மரை அழிந்த மரை.

திருநெல்வேலி டவுன்: ஆனித் தேருக்குப் பின்னால் தடி போடுவது எந்த எந்திரம்?

நெம்புகோல். சக்கரத்துக்கு முன்னால் போடுகிற கட்டை ஆப்பு.

வீரவநல்லூர்: கால்வாயில் ஷட்டர் திறக்க வருகிறவரை லஸ்கர் என்கிறோம். அது என்ன சொல்?

நல்ல கேள்வி. பாரசீகத்தில் லஷ்கர் என்றால் படை. போர்ச்சுக்கீசியர் வாயில் புகுந்து, ஐரோப்பியக் கப்பல்களில் கூலிக்குச் சேர்ந்த நம் பக்கத்துக் கப்பலாளுக்குப் பெயரானது. பாயை இறக்கியவரும் நங்கூரக் கயிற்றை இழுத்தவரும் லஸ்கர். அங்கிருந்து வெள்ளைக்காரன் கால உத்தியோகப் பட்டியலில் ஏறி, பொதுப்பணித் துறை வழியாக உங்கள் கன்னடியன் கால்வாய்க் கரைக்கு வந்து நிற்கிறது. கடலாளின் பெயர் ஆற்றுப் பாசனத்துக்கு வந்த கதை இது.

அவர் சுற்றுகிற திருகுத் தண்டையும் ஒருநாள் பக்கத்தில் நின்று பாருங்கள். கைப்பிடியை ஒரு முழுச்சுற்று சுற்றினால் பலகை ஒரு மரை இடைவெளிதான் உயரும். பல்சக்கரம் வைத்த ஷட்டரில் அதைவிடக் குறைவு. கை நெடுந்தூரம் சுற்றுகிறது, பலகை விரற்கடை நகர்கிறது. அதனால்தான் தண்ணீர் முழுப் பாரத்தோடு முட்டுகிற பலகையை ஒற்றை ஆள் தூக்க முடிகிறது. சாய்தளத்தைத் தண்டின் மேல் சுற்றியது போலத்தான் திருகு. கையை எடுத்தாலும் பலகை நழுவாது, மரையின் உராய்வு பிடித்துக்கொள்ளும்.

காயல்பட்டினம்: மாலுமி தமிழ்ச் சொல்தானே?

அரபு. முஅல்லிம், அதாவது கற்பிப்பவர். கடலில் வழி அறிந்தவர். சுக்கானும் அரபு, நங்கூரம் பாரசீக லங்கர். கப்பல் ஓட்டுபவருக்கு மீகாமன் என்ற பழஞ்சொல் நம்மிடம் உண்டு. ஆனால் உங்கள் ஊர்க் கடற்கரையில் பல நூறு வருஷம் புழங்கியதை அந்நியம் என்று தள்ள எனக்கு மனம் வராது.

கோவில்பட்டி: ஸ்க்ரூவுக்குத் தமிழில் என்ன?

முதல் பதில்.

திருச்செந்தூர்: சங்கைச் சொல்வது போல, சாதாரண போல்ட்டை வலம்புரி ஆணி என்று எழுதலாமா?

வேண்டாம். சாதாரண போல்ட்டின் முறுக்கும் இடம்புரிச் சங்கின் முறுக்கும் ஒன்று.

ஏரல்: அண்ணாச்சி, போல்ட்டை வலப்பக்கமாகச் சுற்றித்தானே முடுக்குகிறோம்? இடம்புரி என்றால் எப்படி?

இரண்டையும் மேசையில் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்துவிட்டே சொல்கிறேன். போல்ட்டுக்குப் பெயர், முடுக்குகிற கை சுற்றும் பக்கத்தை வைத்து. சங்குக்குப் பெயர், வாய் திறக்கிற பக்கத்தை வைத்து.

பாளையங்கோட்டை, விலங்கியல் மாணவி: எங்கள் பாடத்தில் சாதாரணச் சங்கை வலச்சுருள் என்றுதான் சொல்கிறோம்.

அதுவும் சரிதான் அம்மா. நீங்கள் சுருள் முனையை மேலே வைத்துப் பார்க்கிறீர்கள். வாய் வலப்பக்கம் வரும். நம் பெரியவர்கள் நீண்ட மூக்கை மேலே வைத்துப் பார்த்தார்கள். அதே வாய் இடப்பக்கம் வரும், பெயர் இடம்புரி. தலைகீழாகப் பிடித்தாலும் முறுக்கு மாறாது. மன்னார் வளைகுடாவில் அபூர்வமாகக் கிடைக்கிற வலம்புரி, உங்கள் பாடத்தில் இடச்சுருள்.

ஏரல்: அப்படியானால் பெரியவர்கள் தப்பாகப் பெயர் வைத்தார்களா?

இல்லவே இல்லை. இரண்டும் ஒழுங்கான கணக்கு, கலந்தால்தான் குழப்பம். மரைக்கு வலது மரை, இடது மரை என்றே எழுதுங்கள். இது வெறும் சொல் சண்டை இல்லை. சைக்கிளின் இடது பெடலில் இருப்பது இடது மரை. அது தெரியாமல் என் மாணவன் ஒருவன் வலது பெடலை இடது கிராங்கில் வலப்பக்கமாக அழுத்தி ஏற்றினான். கழற்றியபோது கிராங்கின் துளையிலிருந்து இரும்புச் சீவல் சுருள் சுருளாக வந்தது. வெல்டிங் கடையில் அசிட்டிலின் சிலிண்டரும் இடது மரைதான். அடையாளத்துக்கு நட்டின் விளிம்பில் வெட்டு போட்டிருப்பார்கள். எதையும் முடுக்குமுன் மரை எந்தப் பக்கம் என்று பாருங்கள்.

ஒட்டப்பிடாரம்: வ.உ.சி. ஓட்டியது பாய்க்கப்பலா?

நீராவிக் கப்பல். 1906இல் கம்பெனி, கப்பல்கள் காலியா, லாவோ.

தென்காசி: நட்டுக்கும் ஸ்க்ரூவுக்கும் தமிழ்ப் பெயர் சொல்லுங்கள்.

மேலே இரண்டு முறை சொல்லியாயிற்று. படித்துவிட்டுக் கேளுங்கள்.

தூத்துக்குடி: எங்கள் வீட்டிலும் தாத்தா தோணிக்காரர். என்னென்ன சொல் கேட்டு வைக்கட்டும்?

முதலில் ஆட்கள்: தண்டல், சுக்கானி, அவர்களுக்குக் கீழே யார் யார், சமைப்பவருக்கு என்ன பெயர் என்று கேளுங்கள். பிறகு பாய் தொங்குகிற குறுக்குமரம், என் தாத்தா பருமல் என்பார். ஒவ்வொரு கயிற்றுக்கும் தனிப்பெயர் உண்டு, கயிற்றைக் கையில் கொடுத்துக் கேளுங்கள்; பெயர் தானாக வரும். கச்சான், வாடை, கொண்டல் என்று காற்றுகளையும் விட்டுவிடாதீர்கள். அவர் சொன்னபடியே எழுதுங்கள், திருத்தாதீர்கள். எழுதியதை எனக்கும் அனுப்புங்கள் தம்பி.