மின்சுற்று செய்முறை: மாணவர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: சார், எங்கள் மல்டிமீட்டரில் வோல்ட் சரியாகக் காட்டுகிறது. மின்னோட்டம் மட்டும் எந்தச் சுற்றில் வைத்தாலும் 0. மீட்டர் போய்விட்டதா?

பதில்: உள்ளே ஃபியூஸ் போயிருக்கும். ஆம்பியர் நிலையில் வைத்து பேட்டரியின் இரு முனைகளையும் நேராகத் தொட்டால் இதுதான் நடக்கும். அம்மீட்டரின் மின்தடை மிகக் குறைவு. அதைப் பக்க இணைப்பில் வைப்பது பேட்டரியை ஷார்ட் செய்வதற்குச் சமம். பின்மூடியைக் கழற்றி, பழைய ஃபியூஸில் எழுதியுள்ள அதே அளவில் புதிது போடுங்கள். செம்புக் கம்பியைச் சுற்றி ஒப்பேற்ற வேண்டாம். மலிவான மீட்டர்களில் 10 ஆம்பியர் துளைக்குப் பெரும்பாலும் ஃபியூஸே இருக்காது. அங்கே தவறினால் புரோப் கம்பியே சூடாகும்.

கேள்வி: 10 வோல்ட்டுக்குக் குறுக்கே தலா 100 கிலோஓம் உள்ள இரண்டு மின்தடைகளைத் தொடரில் வைத்தேன். ஒன்றின் குறுக்கே 5 வோல்ட் வர வேண்டும். ஆய்வகத்து முள் வோல்ட்மீட்டர் 3.3 காட்டுகிறது. ஓம் விதி பொய்யா?

பதில்: விதி சரி. கணக்கில் நீங்கள் வோல்ட்மீட்டரைச் சேர்க்கவில்லை. அதன் மின்தடையும் 100 கிலோஓம் அளவில் இருந்தால், பக்க இணைப்பில் 50 கிலோஓம் ஆகிவிடும். 10 × 50 / 150 = 3.33. டிஜிட்டல் மீட்டரின் மின்தடை வழக்கமாக 10 மெகாஓம், அதில் 4.97 காட்டும். அளக்கும் மின்தடையைப் போல் குறைந்தது நூறு மடங்கு மின்தடை வோல்ட்மீட்டருக்கு இருக்கட்டும்.

கேள்வி: மீட்டர் சமனச்சுற்றில் (ஒரு மீட்டர் நீளக் கம்பியை வைத்துத் தெரியாத மின்தடையை அளக்கும் அமைப்பு) ஜாக்கியை, அதாவது கம்பியைத் தொடும் முனையை, கம்பியின் இரு முனையிலும் வைத்துப் பார்த்தேன், கால்வனாமீட்டர் முள் ஒரே பக்கம்தான் சாய்கிறது. இணைப்பை மாற்றியபின் சமநிலை (முள் பூஜ்ஜியத்தில் நிற்கும் இடம்) 92 செ.மீ.யில் வருகிறது. அப்படியே எழுதிக்கொள்ளலாமா?

பதில்: எழுதாதீர்கள். முதலில் அந்த ஒரே பக்கச் சாய்வு. ஒரு கிளை அறுந்திருக்கிறது, அல்லது ஒரு கிளையில் மின்தடையே இல்லை. மின்தடைப் பெட்டியில் செருகியை எடுத்தால்தான் மின்தடை சேரும். இதைப் பலர் தலைகீழாக நினைக்கிறார்கள். எடுக்காத செருகிகளை ஒவ்வொன்றாகத் திருகி அழுத்துங்கள். இணைப்புக் கம்பி முனைகளை உப்புத்தாளால் தேய்த்துத் திருகை இறுக்குங்கள். முள் அசையவே இல்லை என்றால் மட்டும் மின்கலத்தையும் சாவியையும் சந்தேகப்படலாம்.

அடுத்து 92. இடப்பக்க இடைவெளியில் பெட்டியில் 20 ஓம் எடுத்திருந்தீர்கள் என்றால், தெரியாத மின்தடை 20 × 8 / 92, அதாவது ஏறக்குறைய 1.74 ஓம். இப்போது பெட்டியில் 2 ஓம் மட்டும் எடுங்கள், சமநிலை 53.5 செ.மீ. அருகே வந்துவிடும். நடுவில் 1 மி.மீ. பிழை விடையில் 0.4 சதவீதம்தான், 92இல் அதே பிழை 1.4 சதவீதம். போதாக்குறைக்கு முனைப் பட்டைகளின் மின்தடை, மிஞ்சியிருக்கும் 8 செ.மீ.யைத்தான் அதிகம் கெடுக்கும். இரு மின்தடைகளையும் இடம் மாற்றி மறுபடி அளந்து சராசரி எடுத்தால் இந்தப் பிழை பெருமளவு அடங்கும்.

ஜாக்கியைத் தொட்டு எடுங்கள், இழுக்காதீர்கள். இழுத்தால் கம்பி தேய்ந்து அங்கங்கே தடிமன் மாறும், பிறகு நீளத்துக்கு ஏற்ற மின்தடை என்ற அடிப்படையே போய்விடும். சாவியையும் அளவு எடுக்கும் நேரத்துக்கு மட்டும் மூடுங்கள். அளக்கும் மின்தடைச் சுருள் சூடானால் அதன் மின்தடை கூடும்.

கேள்வி: பழைய பேட்டரி மீட்டரில் 1.48 வோல்ட் காட்டுகிறது, ஆனால் பொம்மை மோட்டார் சுழலவில்லையே?

பதில்: சும்மா இருக்கும்போது காட்டுவது மின்னியக்கு விசை. 10 ஓம் மின்தடையை இரண்டு மூன்று நொடி இணைத்து அளந்து பாருங்கள். 1.40 என்றால் மின்னோட்டம் 0.14 ஆம்பியர், அகமின்தடை (கலத்தின் உள்ளேயே இருக்கும் மின்தடை) 0.08 / 0.14 = 0.57 ஓம், கலம் நன்றாக இருக்கிறது. 0.90க்கு இறங்கினால் அகமின்தடை 0.58 / 0.09, ஏறக்குறைய 6.4 ஓம். மோட்டார் கிளம்பும்போது கேட்கும் மின்னோட்டத்தை அது தராது. சுவர்க் கடிகாரத்துக்குப் போட்டால் இன்னும் சில மாதம் ஓடலாம்.

கேள்வி: கிர்க்காஃப் விதிகளால் சுற்றின் மின்னோட்டங்களைக் கண்டுபிடிக்கும் கணக்கில் ஒரு மின்னோட்டம் மைனஸில் வந்தது. அழித்துவிட்டுத் திரும்பப் போட வேண்டுமா?

பதில்: வேண்டாம். நீங்கள் எடுத்துக்கொண்ட திசைக்கு எதிராக ஓடுகிறது, அவ்வளவுதான். கணக்கின் நடுவில் மட்டும் அம்புக்குறியைத் திருப்பாதீர்கள்.

கேள்வி: 12 வோல்ட், 5 வாட் பல்பையும் 21 வாட் பல்பையும் தொடரில் மாட்டினால் எது பிரகாசம்?

பதில்: 5 வாட். இரண்டிலும் ஒரே மின்னோட்டம், ஆகவே மின்தடை அதிகமுள்ளதில் திறன் அதிகம். 5 வாட் பல்பு 28.8 ஓம், 21 வாட் பல்பு 6.9 ஓம். 12 வோல்ட்டில் கணக்குப்படி முதலாவது 3.3 வாட், இரண்டாவது 0.8 வாட். செய்து பார்த்தால் 21 வாட் பல்பு எரிவதாகவே தெரியாது. குளிர்ந்த டங்ஸ்டன் இழையின் மின்தடை 6.9 ஓமைவிட மிகக் குறைவு, அதனால் அதன் பங்கு இன்னும் சுருங்கிவிடும். வாகனக் கடைப் பல்புகளும் பேட்டரியும் போதும். 230 வோல்ட்டில் முயல வேண்டாம்.