நின்று துடித்த சின்ன இதயம்: வேறு ஊருக்கு மாற்றலாமா?

கேள்வி: என் தங்கை மகனுக்கு 4 வயது. நிமோனியாவுக்காகத் தனியார் மருத்துவமனையில் சேர்த்திருந்தோம். மூன்றாம் நாள் இரவு இதயம் நின்றுவிட்டது. நெஞ்சை அழுத்தி 8 நிமிடத்தில் மீட்டார்கள். இரண்டு நாளாக வென்டிலேட்டரில் இருக்கிறான். ‘சென்னைக்குக் கொண்டுபோனால் உடம்பைக் குளிரவைத்து மூளையைக் காப்பாற்றிவிடுவார்கள், ஆம்புலன்ஸ் தயார்’ என்கிறார் வெளியே ஒருவர். போகலாமா?
- வாசகி, திருச்சி மாவட்டம்

பதில்: குளிரவைப்பதற்காகப் போக வேண்டாம், அம்மா.

மருத்துவமனையில் இதயம் நின்று மீண்ட குழந்தைகளை 33 டிகிரி செல்சியஸுக்குக் குளிரவைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. 2017-ல் முடிவு வந்தது. காய்ச்சல் ஏறாமல் 36.8 டிகிரியில் வைத்திருந்த குழந்தைகளைவிட இவர்கள் ஒன்றும் கூடுதலாகத் தேறவில்லை. ஆகவே காய்ச்சலை ஏறவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் முக்கியம். அதற்குச் சென்னை தேவையில்லை.

பெரியவர்களுக்கு வருகிற மாரடைப்பு வேறு, இது வேறு. குழந்தைகளுக்குப் பெரும்பாலும் முதலில் மூச்சு தளரும், அல்லது ரத்த அழுத்தம் சரியும். இதயம் கடைசியில்தான் நிற்கும். அந்தச் சரிவு பல சமயம் மணிக்கணக்கில் முன்பே மானிட்டரில் தெரியும். ஆறு குழந்தைக்கு ஒரு நர்ஸை விட்டால் அதை யார் பார்ப்பது? நான் வேலை பார்த்த இடங்களிலும் இதற்காகச் சண்டை போட்டிருக்கிறேன். கட்டடம் கட்டப் பணம் வருகிறது, இரவுப் பணிக்கு இன்னொரு நர்ஸ் மட்டும் வருவதில்லை.

சரி, பையன் பிழைப்பானா? அமெரிக்கப் பதிவுகளின்படி மருத்துவமனையில் இதயம் நின்ற குழந்தைகளில் 100-க்குச் சுமார் 40 பேர் வீடு திரும்புகிறார்கள். நம் ஊர் நிலவரம் இடத்துக்கு இடம் மாறும். ஆனால் துடிப்பே திரும்பாதவர்களையும் சேர்த்த கணக்கு அது. உங்கள் பையன் அந்தக் கண்டத்தைத் தாண்டிவிட்டான். இரண்டாம் நாளிலேயே ஒரே ஒரு ஸ்கேனைக் காட்டி ‘மூளை போய்விட்டது’ என்று யார் சொன்னாலும் முடிவாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

வெளியே நிற்கும் அந்த நபருக்கு வருவோம். ஐசியூ வாசலில் தானாக வந்து உதவுகிறவரை நம்பாதீர்கள். பல சமயம் நோயாளியை அனுப்பும் ஒவ்வொரு கைக்கும் கமிஷன் உண்டு. மருத்துவர் கமிஷன் வாங்குவது ஒழுங்கு விதிகளின்படி குற்றம், ஆனாலும் நடக்கிறது. ஓடும் வண்டியில் மூச்சுக்குழாய் நழுவினால் அவரா பதில் சொல்வார்? அடுத்து ஸ்டெம் செல் ஊசி என்று ஒருவர் வருவார். இந்த நிலைக்கு அது அங்கீகரிக்கப்பட்ட சிகிச்சையே இல்லை. ஆராய்ச்சி என்று சொன்னால், ஆராய்ச்சிக்குக் காசு கேட்கக் கூடாது.

ஒரு முக்கியமான விதிவிலக்கு, இதைக் கவனமாகப் படியுங்கள். கோளாறு இதயத்திலேயே இருந்தால் கதை வேறு. சளி பிடித்த சில நாளில் வைரஸ் இதயத் தசையையே தாக்குவதுண்டு. வாந்தி, வயிற்றுவலி, காய்ச்சலுக்குப் பொருந்தாத வேகத்தில் நாடித்துடிப்பு, குளுக்கோஸ் ஏற்ற ஏற்ற மூச்சுத்திணறல் கூடுவது, ஈரல் வீக்கம் எல்லாம் அதற்கு அடையாளம். வயிற்றுக் கோளாறு என்றே பலர் விட்டுவிடுவார்கள். இதயத்துக்கு ஓய்வு கொடுத்து ரத்தத்தை வெளியே சுழற்றும் எக்மோ இயந்திரம் அப்போது உயிர் காக்கும், அது சில பெரிய மையங்களில்தான் இருக்கிறது. நிமோனியா என்று சொன்னாலும், ‘எக்கோ (இதய ஸ்கேன்) எடுத்தீர்களா, இதயம் எப்படிச் சுருங்குகிறது?’ என்று இன்றே கேளுங்கள்.

பலவீனமாகச் சுருங்குகிறது என்றால், உங்கள் மருத்துவரே அந்த மையத்து மருத்துவரிடம் போனில் பேசட்டும். படுக்கை உறுதியாகி, குழந்தைகளுக்கான குழு உடன் வரும்வரை பையனை வண்டியில் ஏற்ற வேண்டாம்.