ஜோசியம் இல்ல, சோசியாலஜி

அண்ணா வணக்கம். நான் வியாசர்பாடி, பி.ஏ. சோசியாலஜி, அதான் சமூகவியல், முதல் வருஷம். யார் கேட்டாலும் எங்க ஆயா "பேரன் ஜோசியம் படிக்கிறான்"னு சொல்லுது, அது பரவால்ல. கிளாஸ்ல நகரப் பிரச்சனைகள்னு ஒரு பாடம், குடிசை, குடி, குற்றம் எல்லாம் ஒரே லிஸ்ட்டு, உதாரணத்துக்கு எங்க ஏரியா பேரையே சொன்னாங்க. பசங்க எல்லாம் திரும்பி என்னப் பாத்தாங்க. எனக்குத் தெரியாத ஏரியாவா, இவங்க என்னா சொல்லித் தர்றது? பி.காம். மாறிடலாமா?

தம்பி,

ஆயாவ திருத்தாத. எங்கம்மா மூணு வருஷமும் நான் சோசியல் வாத்தியார் ஆகப்போறேன்னுதான் தெருவுல சொல்லிட்டிருந்தாங்க.

பசங்க திரும்பிப் பாத்தது தப்பு, அந்த விஷயத்துல நான் உன் பக்கம். ஆனா "எனக்குத் தெரியாத ஏரியாவா"ன்னு எழுதியிருக்க பாரு, நானும் அங்கதான் மாட்னேன். ரெண்டாவது வருஷம் சர்வே குடுத்தாங்க, புளியந்தோப்புல எங்க தெருவையே எடுத்துக்கினேன், எல்லாம் தெரிஞ்ச வீடுங்கதானேன்னு யாரையும் கேக்காம வாசப்படில உக்காந்து நானே ஃபாரத்த ரொப்பிட்டேன். எதிர்வீட்டு மாமாவுக்கு, வேலை: கூலி. அவரு சும்மா வாங்கிப் பாத்தாரு, ஒண்ணும் பேசல, உள்ள போயி ஒரு தகர டப்பா எடுத்தாந்தாரு, அதுக்குள்ள பி அண்ட் சி மில்லு அட்டை, நம்ம பக்கம் இருந்த பெரிய துணி மில்லு. தறில நின்னவரு, 1996ல மில்லு மூடினப்புறம்தான் மூட்ட தூக்கப் போயிருக்காரு. இத்தன வருஷம் எதிர்லயே இருந்தும் எனக்குத் தெரியல.

நம்ம சோசியாலஜில பெரிய பேரு எம்.என். சீனிவாஸ், அவரு மைசூர்க்காரரு, அவரே 1948ல மைசூர் பக்கத்து கிராமத்துக்குப் போயி மாசக்கணக்கா தங்கி கேட்டு கேட்டுத்தான் எழுதிக்கினாரு.

அந்த மில்லு கதைய கொஞ்சம் தேடிப் படி. உன் புக்ல சாதி ஒரு சாப்டர், வர்க்கம் இன்னொரு சாப்டர் இருக்கும், நம்ம பக்கம் ரெண்டும் ஒரே தெருவுல நடந்துச்சு. 1918ல பி.பி. வாடியா, திரு.வி.க. எல்லாம் தலைவருங்களா நின்ன சென்னை தொழிலாளர் சங்கம் இந்த மில்லு ஆளுங்கள வெச்சு வந்ததுதான். 1921 ஸ்ட்ரைக்ல சாதி இந்துக்களும் முஸ்லிம்களும் வெளிய நின்னாங்க, ஆதிதிராவிட ஆளுங்க நெறய பேரு வேலைக்குத் திரும்புனாங்க, புளியந்தோப்புல குடிசைங்க எரிஞ்சுது, போலீஸ் சுட்டுச்சு. துரோகம்னு ஒரே வார்த்தைல முடிக்கிறவங்க இன்னிக்கும் இருக்காங்க, எனக்கு அது சோம்பேறித்தனமாத்தான் படுது. கைல காசே இல்லாதவன் எத்தன வாரம் தாங்குவான், சங்கத்துல அவன் பேச்சு எடுபட்டுச்சான்னு கேக்க வேணாமா? அந்த வாத்தியார்ட்டயும் இதே மாதிரி கேளு, குடிசை இருக்குன்னு சொல்றீங்க, மில்லுக்கும் ஹார்பருக்கும் ஆள் வேணும்னு கூப்ட்டவங்க அவங்களுக்கு வீடு எங்க குடுத்தாங்கன்னு.

வேலைய பத்தி நீ கேக்கல, வீட்ல கேப்பாங்க. டி.என்.பி.எஸ்.சி. எழுதலாம், எம்.எஸ்.டபிள்யூ.ன்னு சமூகப்பணி மேல்படிப்பு போலாம், யு.பி.எஸ்.சி. ஆப்ஷனல்லயும் இந்த சப்ஜெக்ட் இருக்கு. பி.காம். மாதிரி சட்டுனு ஆபீஸ் வேலை கெடைக்காது, அத மறைக்கல.

மாறணும்னா மாறிக்க. அதுக்கு முன்னாடி, தாத்தா என்னா வேல செஞ்சாருன்னு ஆயாவ ஒரு தபா கேளு, கூலின்னு சொன்னா எங்க, யார்கிட்டன்னும் கேளு.