பழைய 911-ஐ விற்றுவிடலாமா?

மதிப்பிற்குரிய ஐயா,

ஸ்டுட்கார்ட் அருகே வாகன உதிரிபாக நிறுவனம் ஒன்றில் பொறியாளராகப் பணிபுரிகிறேன். கார்களைப் பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து வாசிப்பவன். என்னிடம் 2009-இல் தயாரான போர்ஷே 911 கரேரா எஸ் இருக்கிறது. 997 தலைமுறையின் இரண்டாம் பதிப்பு, ஆறு கியர் மேனுவல். வேலைக்குச் செல்ல நிறுவனம் கொடுத்த கார் தனியாக உண்டு என்பதால், இதை ஏப்ரல் முதல் அக்டோபர் வரை மட்டும் செல்லுபடியாகும் பருவகாலப் பதிவெண்ணில் வைத்திருக்கிறேன். விடுமுறை நாட்களில் பாடன்-பாடனிலிருந்து கருங்காடு (பிளாக் ஃபாரஸ்ட்) வழியாக ஃப்ராய்டன்ஷ்டாட் செல்லும் பி500 மலைச்சாலை, கோடையில் ஒருமுறை ஆல்ப்ஸ் கணவாய்கள், அவ்வளவுதான் அதன் ஓட்டம்.

அண்மையில் நண்பர் ஒருவர் 911-இன் புதிய தலைமுறையான 992 கரேரா எஸ் வாங்கினார். அவருடைய வண்டியை ஆட்டோபானில் (ஜெர்மனியின் விரைவுச்சாலை) அரை மணி நேரம் ஓட்டிவிட்டு என் வண்டியில் ஏறியபோது, அது திடீரென்று கிழடாகிவிட்டதுபோல் இருந்தது. பாதுகாப்பைக் கருதியாவது மாற்றிவிடலாம் என்கிறார் மனைவி. இதை விற்று, மேலே பணம் போட்டு 992-க்குப் போவது சரியா? இப்போது விட்டால் மேனுவல் கியர் கொண்ட 911 பிறகு கிடைக்காமலே போய்விடுமோ என்ற கவலையும் இருக்கிறது.

க.,
ஸ்டுட்கார்ட்

*

அன்புள்ள க.,

992 உங்கள் வண்டியைவிடச் சிறந்த கார் என்பதில் எனக்கு மறுப்பில்லை. உங்களுடைய 3.8 லிட்டர் எஞ்சின் 385 குதிரைத்திறன் தருகிறது. 992 கரேரா எஸ், 3 லிட்டர் எஞ்சினிலிருந்து இரண்டு டர்போக்களின் உதவியால் 450 குதிரைத்திறனை எடுக்கிறது. நிலையிலிருந்து மணிக்கு 100 கிலோமீட்டரை எட்ட உங்கள் வண்டிக்கு 4.7 வினாடிகள் தேவை. ஸ்போர்ட் க்ரோனோ என்ற கூடுதல் விரைவோட்ட வசதியுள்ள 992-க்கு 3.5 வினாடிகள் போதும். நூர்பர்க்ரிங் பந்தயத் தடத்தின் வடக்குச் சுற்றுப்பாதையில், இரண்டுக்கும் இடைப்பட்ட தலைமுறையான 991 கரேரா எஸ்ஸின் முதற்பதிப்பு 7 நிமிடம் 40 வினாடியில் வந்தது, டர்போ பொருத்திய அதன் இரண்டாம் பதிப்பு 7:30-இல் வந்தது, 992 அதை 7:25 ஆக்கியது. உங்கள் வண்டி இந்த வரிசைக்கே முந்தையது. அரை மணி நேர ஆட்டோபான் ஓட்டத்தில் உங்களுக்கு ஏற்பட்ட வியப்பு முற்றிலும் நியாயமானது.

இருந்தும், உங்கள் நிலையில் நான் விற்க மாட்டேன். உங்கள் கடிதத்தில் வண்டியைப் பற்றிய செய்திகளைவிடச் சாலையைப் பற்றிய செய்திகளே எனக்கு முக்கியமாகப் படுகின்றன. நீங்கள் 992-ஐ ஓட்டியது ஆட்டோபானில்; உங்கள் 997 வாழ்வதோ பி500-இலும் ஆல்ப்ஸிலும். ஜெர்மனியில் ஊர்களுக்கு வெளியேயுள்ள சாதாரணச் சாலைகளில் வேக வரம்பு 100 என்பதும், கருங்காட்டு மலைச்சாலைகளில் பல இடங்களில் அது இன்னும் குறைவு என்பதும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் வண்டி அந்த 100-ஐ இரண்டாவது கியரிலேயே தாண்டிவிடும். அதாவது, இப்போது கையில் இருக்கும் வேகத்திலேயே பெரும்பகுதியை நீங்கள் செலவழிக்க முடியாமல் வைத்திருக்கிறீர்கள். மேலும் 65 குதிரைத்திறனை விலைக்கு வாங்கி அதையும் அப்படியே வைத்திருக்கப் போகிறீர்கள்.

டர்போ எஞ்சினின் இயல்பு இதை இன்னும் கூர்மையாக்குகிறது. 997 கரேரா எஸ்ஸின் உச்ச முறுக்கு விசையான 420 நியூட்டன் மீட்டர், எஞ்சின் நிமிடத்துக்கு 4,400 சுற்றுகளை எட்டும்போதுதான் கிடைக்கிறது. அதற்குக் கீழே வண்டி சோம்பலாகத் தோன்றும், அதற்கு மேலே குரல் மாறி, கையும் காலும் கேட்டதைக் கேட்ட அளவில் கொடுக்கும். 992-இல் 530 நியூட்டன் மீட்டர் 2,300 சுற்றுகளிலேயே வந்து 5,000 வரை மட்டமாக நிற்கிறது. பெரிய நகரங்களுக்கு இடையே பறப்பவருக்கு இது வரம். ஆனால் வரம்பு 80-ஆக இருக்கும் மலை வளைவில், எஞ்சினை மேலே கொண்டுபோக வேண்டிய தேவையே இல்லாமல் அடுத்த வளைவு வந்துவிடும். கியரைக் குறைப்பதும், சுற்றைக் கூட்டுவதும், சரியான தருணத்துக்காகக் காத்திருப்பதும் ஆகிய வேலைகளைத்தான் நீங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் தேடிப் போகிறீர்கள் என்று நினைக்கிறேன். அவற்றை 992 உங்களிடமிருந்து பணிவோடு வாங்கிக்கொள்ளும்.

ஸ்டீரிங்கைப் பற்றியும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். உங்கள் வண்டியில் இருப்பது ஹைட்ராலிக் உதவி, அதாவது எண்ணெய் அழுத்தத்தால் ஸ்டீரிங்கை இலகுவாக்கும் முறை. எஞ்சினோடு சேர்ந்து பம்ப் எந்நேரமும் சுழன்றுகொண்டிருக்கும். நேராகப் போகும்போதுகூட அது சக்தியைத் தின்னும். 2011-இல் 991 வந்தபோது போர்ஷே மின்மோட்டாருக்கு மாறியதற்கு முதன்மையான காரணம் இந்த எரிபொருள் இழப்பு. ஐரோப்பாவில் கரிம உமிழ்வு விதிகள் இறுகிக்கொண்டிருந்தன. மின்மோட்டார் தேவைப்படும்போது மட்டும் வேலை செய்கிறது. தடத்தை விட்டு விலகும் வண்டியைத் தானாகத் திருப்பும் வசதிகளுக்கும் அதுவே அடிப்படை. 992-இன் ஸ்டீரிங் துல்லியமானது, விரைவானது, குறை சொல்ல இடமில்லாதது. முன் டயர்கள் சாலையின் சொரசொரப்பையும் ஈரத்தையும் பிடி தளரப்போவதையும் உள்ளங்கைக்குச் சொல்லும் அந்த ஓயாத சலசலப்பு மட்டும் அதில் வடிகட்டப்பட்டிருக்கிறது. இரண்டையும் நான் ஓட்டியிருக்கிறேன். மிதமான வேகத்தில்தான் இந்த வேறுபாடு அதிகம் தெரிகிறது. வேகம் கூடக் கூட 992 முன்னேறிவிடுகிறது. உங்கள் ஓட்டமோ மிதமான வேகத்தில்.

இங்கே ஒரு எச்சரிக்கையும் தேவை. பழையதே மேல் என்று 911 விசிறிகள் புலம்புவது ஒவ்வொரு தலைமுறையிலும் நடந்திருக்கிறது. 1997-இல் காற்றுக் குளிர்விப்பை விட்டுவிட்டு 996 தலைமுறை நீர்க் குளிர்விப்புக்கு மாறியபோது 911 முடிந்துவிட்டது என்றார்கள். 991 வந்தபோது அதன் ஸ்டீரிங்கைத் திட்டியவர்களே இன்று, டர்போ இல்லாத கடைசிக் கரேரா எஸ் என்று அதன் முதற்பதிப்பைத் தேடிப் போகிறார்கள். ஆகவே என்னைப் போன்றவர்களின் ஏக்கத்தைச் சற்றுச் சந்தேகத்துடனேயே கேளுங்கள். ஆனால் வண்டி பெருத்துவிட்டது என்பது ஏக்கமல்ல, அளவுகோல் சொல்வது. 997 கரேரா எஸ் 1,808 மில்லிமீட்டர் அகலம், 992 கரேரா 1,852 மில்லிமீட்டர். முன், பின் சக்கர அச்சுகளுக்கு இடைப்பட்ட நீளம் 2,350-இலிருந்து 2,450 ஆகியிருக்கிறது. எதிரே சுற்றுலாப் பேருந்து வரும் ஆல்ப்ஸ் கணவாயில், தடத்துக்குள்ளேயே வண்டியைக் கொஞ்சம் இப்படியும் அப்படியும் வைத்து வளைவை எடுக்கும் இடம் அந்த 44 மில்லிமீட்டரில் கரைகிறது.

உங்கள் மனைவி சொல்வதில் மட்டும் எனக்கு வாதமே இல்லை. 992-இல் மோதல் எச்சரிக்கையும் தானியங்கி பிரேக் உதவியும் எல்லா வண்டிகளிலும் வருகின்றன. சக்கரக் கூண்டுகளில் பொருத்திய ஒலி உணரிகள், டயர் வாரியடிக்கும் தண்ணீரின் ஓசையைக் கேட்டு, சாலை நனைந்திருக்கிறது என்று ஓட்டுநரை எச்சரித்து, ஈரச்சாலை முறைக்கு மாறச் சொல்கின்றன. எஞ்சினைப் பின்னால் சுமக்கும் காரில் இது பெரிய விஷயம். நீங்கள் ஆண்டு முழுவதும், நவம்பர் மழையிலும், மியூனிக்குக்கும் ஸ்டுட்கார்ட்டுக்கும் இடையே ஏ8 ஆட்டோபானில் இதே வண்டியில்தான் போய்வர வேண்டும் என்றிருந்தால், மேலே சொன்ன ஹைட்ராலிக் புராணத்தையெல்லாம் ஒதுக்கிவிட்டு நாளைக்கே மாற்றிவிடுங்கள் என்றுதான் எழுதியிருப்பேன். அந்த வேலையை நிறுவனத்தின் கார் செய்துகொண்டிருக்கிறது.

மேனுவல் கியர் பற்றிய உங்கள் கவலை பொய்யானதல்ல, ஆனால் அது உங்களை எதிர்த்திசையில் தள்ளுகிறது. 992 கரேரா எஸ் முதலில் எட்டு கியர் பிடிகேயுடன் (போர்ஷேயின் இரட்டைக் க்ளட்ச் தானியங்கி கியர்) மட்டும் வந்தது. ஏழு கியர் மேனுவல் பிறகே விருப்பத் தேர்வாகச் சேர்ந்தது. 2024-இல் தொடங்கிய இரண்டாம் பதிப்பில் சாதாரணக் கரேராவுக்கும், அடுத்த ஆண்டு வந்த கரேரா எஸ்ஸுக்கும் மேனுவல் கிடையாது. ஜிடிஎஸ் வண்டியோ மின்மோட்டார் சேர்ந்த ஹைப்ரிட் ஆகி 541 குதிரைத்திறனுக்குப் போய்விட்டது. ஆறு கியர் மேனுவலை மட்டுமே கொண்டு வருவது 394 குதிரைத்திறன் கரேரா டி. (ஜிடி3-யிலும் மேனுவல் உண்டு, ஆனால் அது வேறு பணம், வேறு காத்திருப்பு.) மேனுவல் மறைந்துவிடுமே என்று அஞ்சுபவர், கையில் இருக்கும் மேனுவலை விற்று, நண்பருடையதைப் போன்ற பிடிகே வண்டியை வாங்குவது விந்தையான தற்காப்பு. பயன்படுத்திய 992-களின் விலை இன்னும் இறங்க இடமிருக்கிறது. உங்கள் வண்டி அந்தச் செங்குத்தான இறக்கத்தை எப்போதோ கடந்துவிட்டது. பிறகு மனம் மாறினால் 992 கிடைக்கும். நல்ல நிலையிலுள்ள 997 இரண்டாம் பதிப்பு மேனுவல் அப்படித் திரும்பக் கிடைக்குமா என்பதில் எனக்கு நம்பிக்கை குறைவு.

இடையில் 991-க்குப் போகலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் கேட்கத் தோன்றும். வேண்டாம். உங்கள் ஸ்டீரிங்கை இழப்பீர்கள், 992-இன் முதிர்ச்சியும் கிடைக்காது.

இன்னொன்று. உங்கள் வண்டி கிழடாகத் தோன்றியதில் ஒரு பங்கு உண்மையிலேயே அதன் வயதாக இருக்கலாம். ஷாக் அப்சார்பர்களும், சஸ்பென்ஷன் ரப்பர் புஷ்களும், எஞ்சின் மவுன்ட்களும் தொழிற்சாலையிலிருந்து வந்தவையே என்றால், நீங்கள் ஒப்பிட்டது 997-ஐயும் 992-ஐயும் அல்ல. களைத்த 997-ஐயும் புது 992-ஐயும். மாற்றுவதற்காக ஒதுக்கிய தொகையில் சிறு பகுதியை இவற்றுக்குச் செலவிட்டு, சக்கரக் கோணங்களைச் சரிபார்த்து, டயர்களின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத் தயாரிப்பு எண்ணைப் பாருங்கள். முதல் இரண்டு இலக்கங்கள் வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. பருவகால வண்டிகளில் டயர் தேய்வதற்கு முன்பே முதுமையால் இறுகிவிடுகிறது. முன் பம்பரின் காற்றுத் திறப்புகளில் இலைகள் சேர்ந்து ஈரம் தங்கி, ரேடியேட்டர்களையும் ஏசி கண்டென்சர்களையும் அரிப்பது இந்தத் தலைமுறையின் அறியப்பட்ட நோய். கருங்காட்டில் ஓடும் வண்டிக்குச் சொல்லவே வேண்டாம். சிலிண்டர் சுவர்களில் கீறல் இருக்கிறதா என்று எண்டோஸ்கோப் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். உங்கள் பதிப்பில், பழைய எஞ்சின்களின் பெயரைக் கெடுத்த இடைத்தண்டுப் பேரிங் இல்லை என்பதால் அது உடையும் என்ற கவலை வேண்டாம்.

சிலிண்டரில் ஆழமான கீறல் தெரிந்தால் கணக்கு மாறும். எஞ்சினைப் புதுப்பிக்கும் செலவோடு ஒப்பிட்டு, எனக்கு மறுபடி எழுதுங்கள். சுத்தமாக இருந்தால், பருவம் தொடங்கியதும் 992 ஒன்றை வார இறுதிக்கு வாடகைக்கு எடுத்து, ஆட்டோபானைத் தவிர்த்து, முழுக்க பி500-இல் ஓட்டுங்கள். மறுவாரம் அதே சாலையில் உங்கள் வண்டியை ஓட்டுங்கள். அதற்குப் பிறகும் புதியது வேண்டும் என்று தோன்றினால், நீங்கள் பேச வேண்டியது கரேரா எஸ்ஸைப் பற்றி அல்ல, கரேரா டி-யைப் பற்றி.

அன்புடன்,
ஆசிரியர்