துக்க வீட்டில் விலை கேட்கலாம்: வாசகர் கேள்வி-பதில்

அம்மா இறந்த அன்று ஃப்ரீசர் பாக்ஸ் எடுத்தோம். மாலை 4 மணிக்கு வந்த பெட்டி மறுநாள் காலை 11 மணிக்குத் திரும்பிவிட்டது. ஆனால் தேதி மாறிவிட்டது என்று 2 நாள் வாடகை வாங்கிவிட்டார்கள். ஏற்றி இறக்கும் கூலியும் தனி. இது நியாயமா? – தஞ்சாவூர் வாசகி

அநியாயம். உங்கள் நிலை தெரிந்தே செய்திருக்கிறார்கள். ஒரு நாள் என்றால் 24 மணி நேரமா, கூலியும் வண்டி வாடகையும் சேர்த்தா என்பதை போனிலேயே கேட்டு, வாட்ஸ்அப்பில் எழுதி வாங்க வேண்டும்.

வாடகையைவிடப் பெரிய ஏமாற்று, பெட்டியே வேலை செய்யாமல் இருப்பது. என் அப்பா காலமானபோது வந்த பெட்டியில் கம்ப்ரெஸர் சத்தம் நன்றாகவே கேட்டது. மூடியின் ரப்பர் மட்டும் தலைமாட்டில் கிழிந்திருந்தது. நள்ளிரவில் கண்ணாடி முழுக்க வேர்த்து, அப்பாவின் முகமே தெரியவில்லை. கீழே தண்ணீர் சொட்டியது. போன் செய்தால், “ஐஸ் கட்டி வாங்கி வைங்க சார்” என்று பதில். காலையில் முழு வாடகையும் வாங்கிக்கொண்டு போனார்கள். இன்றும் ஆறவில்லை.

அதனால் சொல்கிறேன். பெட்டி வந்ததும் உடலை வைக்காதீர்கள். முதலில் ஓடவிட்டு, உள்ளே கைவைத்துக் குளிர்கிறதா என்று பாருங்கள். ரப்பரை விரலால் சுற்றிலும் தடவிப் பாருங்கள். எர்த் உள்ள மூன்று பின் பிளக்கா என்பது மிக முக்கியம். ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று பெட்டியைக் கட்டிக்கொண்டு அழுகிறவர்களுக்கு ஷாக் அடித்தால் இன்னொரு சாவு விழும். வீட்டு இன்வெர்ட்டர் எல்லாம் இதைத் தாங்காது. கரண்ட் போனால் ஜெனரேட்டர் தருவார்களா என்று கேளுங்கள். வெயில் விழும் சாமியானாவுக்கு அடியில் வைக்காதீர்கள். வருகிற ஒவ்வொருவருக்காகவும் மூடியைத் திறக்காதீர்கள்.

அரசு ஆஸ்பத்திரியிலிருந்து அண்ணன் உடலைக் கொண்டுவர, வாசலில் நின்ற வேன்காரர் 6,000 ரூபாய் கேட்டார். வேறு வழியில்லை, கொடுத்தோம். – விழுப்புரம்

வழி இருக்கிறது, உங்களுக்கு யாரும் சொல்லவில்லை. 155377 என்ற எண்ணைக் கூப்பிட்டால், அரசு மருத்துவமனையில் இறந்தவரை இலவச அமரர் ஊர்தி வீடு வரை கொண்டுவந்து சேர்க்கும். 108-ஐக் கூப்பிடாதீர்கள், அதில் இறந்தவர்களை ஏற்ற மாட்டார்கள்.

இறுதிச் சடங்கு பில்லில் 18% ஜி.எஸ்.டி. போட்டிருக்கிறார்கள். – கோவை

இறுதிச் சடங்கு, அடக்கம், தகனம், பிணவறை, உடலைக் கொண்டுசெல்லும் வண்டி எதற்கும் ஜி.எஸ்.டி. கிடையாது. திருப்பிக் கேளுங்கள்.

மாமனார் இறந்தபோது ஓர் ஏஜென்டிடம் “எல்லாம் நீங்களே பாத்துக்குங்க” என்று 85,000 ரூபாய் கொடுத்தோம். பூப்பல்லக்கு சுமார்தான். ரசீது இல்லை. பணம் திரும்பக் கிடைக்குமா? – சேலம்

விலை கேட்கவில்லை, பட்டியல் கேட்கவில்லை, ரசீதும் வாங்கவில்லை. பிறகு எதை வைத்துக் கேட்பது? பெற்ற பிள்ளைகள் அழட்டும், விலை பேச அவர்களால் முடியாதுதான். ஆனால் மருமகன் நீங்கள், 5 நிமிடம் ஒதுங்கி நின்று பெட்டிக்கு எவ்வளவு, வண்டிக்கு எவ்வளவு, பூவுக்கு எவ்வளவு என்று கேட்டிருக்கலாமே. பணத்தை ஜிபேயில் அனுப்பியிருந்தால் அதுவே ஆதாரம். அதை வைத்து தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் புகார் சொல்லுங்கள். ரொக்கமாகக் கொடுத்திருந்தால் நம்பிக்கை வைக்க வேண்டாம்.

மறுநாளே தகனம். ஆனாலும் எம்பாமிங் (உடல் கெடாமலிருக்க மருந்து ஏற்றுவது) கட்டாயம் என்கிறார்களே? – சென்னை

கட்டாயமில்லை. விமானத்தில் கொண்டுபோவதென்றால்தான் கேட்பார்கள். மறுநாள் காரியத்துக்குக் குளிர்பெட்டி போதும். செய்ய வேண்டியதை வீட்டிலேயே செய்யலாம்: கண்ணை மூடி, தாடையைத் துணியால் கட்டி, கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டுங்கள். 2, 3 மணி நேரத்தில் உடல் விறைக்கத் தொடங்கும், அதற்குள் முடித்துவிடுங்கள். மோதிரத்தையும் அப்போதே கழற்றிவிடுங்கள். இறந்தவருக்கு, இதயத் துடிப்பைச் சீராக்கும் பேஸ்மேக்கர் கருவி வைத்திருந்தால் தகனமேடையில் வெடிக்கும். டாக்டரிடம் சொல்லி முன்பே எடுத்துவிட வேண்டும்.

கணவருக்குக் கடைசி வரை வைத்தியம் பார்த்த டாக்டர், இறப்புக் காரணச் சான்று எழுத 3,000 ரூபாய் வாங்கினார். நான் தனி மனுஷி. – திருநெல்வேலி

அம்மா, அந்தப் பணம் உங்களுடையது. கடைசி நோயில் சிகிச்சை தந்த டாக்டர் இந்தச் சான்றைக் கட்டணமின்றித் தர வேண்டும் என்கிறது 1969-ம் ஆண்டு பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம். அதைச் சுட்டிக்காட்டிப் பணத்தைத் திருப்பித் தரும்படி ஒரு கடிதம் எழுதி, பதிவுத் தபாலில் அனுப்புங்கள். ஆனால் பதில் வரட்டும் என்று இறப்புப் பதிவைத் தள்ளிப்போடாதீர்கள். 21 நாளுக்குள் பதிந்தால் கட்டணம் இல்லை. பென்ஷன், வங்கி, இன்ஷூரன்ஸ் எல்லா இடத்திலும் பதிவுக்குப் பின் தரும் இறப்புச் சான்றிதழைக் கேட்பார்கள், கூடுதல் பிரதிகளும் சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள்.