கோன், கப், குண்டு: சைக்கிள் ஹப் பற்றி வாசகர் கேள்விகள்

கேள்வி: முன் சக்கரம் இடமும் வலமுமாக ஆடுகிறது. ஃபோர்க்கில் இருக்கும் நட்டை எவ்வளவு முறுக்கியும் ஆட்டம் நிற்கவில்லை. ‘ஓவராயில் பண்ணணும்’ என்கிறார் கடைக்காரர். ஆயில் விட்டால் சரியாகுமா? வீட்டிலேயே செய்ய முடியுமா?
— கும்பகோணம் வாசகர்

பதில்: ஓவராயில் என்பது ஆயில் விடுகிற வேலை இல்லை. ‘ஓவர்ஹால்’ பட்டறையில் புழங்கிப் புழங்கி அப்படி ஆகிவிட்டது. எல்லாவற்றையும் பிரித்து, கழுவி, புது கிரீஸ் வைத்துப் பூட்டுவதுதான் அது. வீட்டில் தாராளமாகச் செய்யலாம்.

முதலில் ஆட்டம் எங்கே என்று பாருங்கள். ஒரு கையால் ஃபோர்க்கைப் பிடித்துக்கொண்டு மறு கையால் டயரை அசையுங்கள். ஃபோர்க் அசையாமல் ரிம் மட்டும் அசைந்தால் கோளாறு சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப்பில். ஃபோர்க்கும் சேர்ந்து அசைந்தால் ஹேண்டில்பாருக்குக் கீழே இருக்கும் கப் செட்டைக் கவனிக்க வேண்டும்.

வெளி நட்டின் வேலை சக்கரத்தை ஃபோர்க்கோடு பிடித்து வைப்பது. ஆட்டத்தைக் கட்டுப்படுத்துவது உள்ளே அக்சிலில் (சக்கரத்தின் நடு அச்சு) திருகியிருக்கும் கூம்பு வடிவக் கோன். அதற்கும் ஹப்பில் பதிந்த கிண்ணம் போன்ற கப்புக்கும் நடுவில்தான் குண்டுகள் உருளும். கோனின் தட்டையான இடத்தில் சாதாரண ஸ்பேனர் நுழையாது. சுமார் 2 மி.மீ. தடிமன் உள்ள கோன் ஸ்பேனர் வேண்டும். 13 முதல் 17 மி.மீ. வரை அளவுகள் உண்டு. உங்கள் கோனை அளந்துவிட்டு வாங்குங்கள்.

சக்கரத்தைக் கழற்றி, அடியில் ஓர் எவர்சில்வர் தட்டு வையுங்கள். ஒரு பக்கத்தை மட்டும் பிரித்தால் போதும். மறுபக்கக் கோனைத் தொடவேண்டாம். தொட்டால் அக்சில் நடுவில் இருக்காது. இடப்பக்கக் கோனை ஸ்பேனரால் பிடித்துக்கொண்டு அதைப் பூட்டி வைத்திருக்கும் லாக் நட்டைத் தளர்த்தி, இரண்டையும் கழற்றி, அக்சிலை வலப்பக்கமாக மெல்ல உருவுங்கள். குண்டுகள் தட்டில் விழும். இரு பக்கக் குண்டுகளையும் தனித்தனியே எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். டீசலோ மண்ணெண்ணெயோ ஊற்றி எல்லாவற்றையும் கழுவி, துணியால் ஈரம் போகத் துடையுங்கள்.

கப்பில் கிரீஸைப் பட்டையாகப் பூசி, குண்டுகளை ஒவ்வொன்றாகப் பதியுங்கள். பாதி குண்டு கிரீஸில் மூழ்கும் அளவு போதும். கிரீஸே குண்டைப் பிடித்துக்கொள்ளும். பிறகு அக்சிலை நுழைத்து, கோனை விரலால் முட்டும்வரை திருகி, கால் சுற்றுக்கும் குறைவாகப் பின்னால் தளர்த்துங்கள். கோன் நகராமல் பிடித்துக்கொண்டு லாக் நட்டை இறுக்குங்கள்.

இங்கேதான் பலரும் எரிச்சலடைவார்கள். லாக் நட்டு இறுகும்போது மரையில் இருக்கும் நூலிழை இடைவெளி அடைபட்டு, கோன் இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளப்படும். விரலுக்குச் சரியாக இருந்தது, பூட்டியதும் டைட்டாகிவிடும். மூன்று நான்கு தடவை தளர்த்தி, மாற்றி, பூட்டிப் பார்ப்பது சகஜம். அக்சில் நுனியை விரலால் சுழற்றினால் வெண்ணெயில் கத்தி போவதுபோல் போகவேண்டும். மணல்போல் நெருடினாலோ விட்டுவிட்டுத் தட்டினாலோ டைட் அதிகம், அல்லது உள்ளே குழி விழுந்திருக்கிறது. சக்கரத்தை மாட்டிவிட்டு முன்பக்கத்தைத் தூக்குங்கள். எடை மிகுந்த இடம் (பெரும்பாலும் வால்வு) தானாகக் கீழே வந்து, ஊஞ்சல்போல் சில தடவை ஆடி நிற்க வேண்டும். வந்த இடத்திலேயே நின்றால் இன்னும் இறுக்கம்தான்.

பழைய கறுப்பு சைக்கிள்கள் சிலவற்றில் முன் ஹப்பில் லாக் நட்டே கிடையாது. ஃபோர்க்கும் வெளி நட்டும்தான் கோனைப் பூட்டுகின்றன. அவற்றில் திருகும் கோன் ஓட்டுபவரின் இடக்கைப் பக்கம்தான் வரவேண்டும். சக்கரம் முன்னால் ஓடும்போது அந்தப் பக்கக் கோன் இழுபட்டால் தளரும் திசையில்தான் இழுபடும். சக்கரத்தைத் திருப்பி மாட்டிவிட்டால் அதே கோன் ஓட ஓடத் தன்னைத்தானே இறுக்கிக்கொண்டு, கடைசியில் கப்பையும் தின்றுவிடும்.

கேள்வி: குண்டு எந்த அளவு, எத்தனை போட வேண்டும்? மூன்று தொலைந்துவிட்டது. அதை மட்டும் புதிதாக வாங்கிச் சேர்க்கலாமா?
— தேனி வாசகர்

பதில்: சாதாரண சைக்கிளில் முன் ஹப்பில் 3/16 இன்ச் குண்டு, பக்கத்துக்கு 10. பின் ஹப்பில் 1/4 இன்ச் குண்டு, பக்கத்துக்கு 9. உங்கள் வண்டியில் வேறு எண்ணிக்கை இருந்தால், கழற்றியபோது எண்ணியதை நம்புங்கள். அதுவும் மறந்திருந்தால் கப்பைச் சுற்றிக் குண்டுகளை அடுக்கி, கடைசியில் சிறு இடைவெளி மிஞ்சும்படி விடுங்கள். ‘ஒண்ணு கூடப் போட்டா பலம்தானே’ என்று திணித்தால் குண்டுகள் ஒன்றையொன்று உரசி, ஒன்று மேலேறிக் கோனுக்கு அடியில் சிக்கி நொறுங்கும்.

பழசும் புதுசும் கலக்கவே வேண்டாம். பழைய குண்டு தேய்ந்து மயிரிழை சிறுத்திருக்கும்; அந்த மயிரிழையால் புதுக் குண்டுகளே முழுப் பாரத்தையும் தாங்கும். பிரித்தபோதெல்லாம் முழு செட்டையும் மாற்றுவதே சரி. ஹப்பில் இருப்பதிலேயே மலிவான பொருள் குண்டுதான். அதில் மிச்சம் பிடிப்பது எனக்குச் சம்மதமில்லை.

கோனைத் தனியாகப் பாருங்கள். பால்பாயிண்ட் பேனா முனையைக் குண்டு ஓடும் தடத்தில் மெல்ல இழுத்தால், கண்ணுக்குத் தெரியாத குழியும் முனையில் தட்டும். அக்சில் சுழல்வதில்லை என்பதால் பாரம் எப்போதும் கோனின் அடிப்பக்கத்திலேயே விழுகிறது. முதலில் குழி விழுவதும் அங்கேதான். கோன் கைவசம் இல்லாவிட்டால் அக்சிலை அரைச் சுற்றுத் திருப்பி மாட்டிச் சில வாரம் ஓட்டலாம்; தேயாத பக்கம் கீழே வந்திருக்கும். கப்பிலும் அதே குழி தட்டினால்தான் கவலைப்பட வேண்டும். கோன் தனியாகக் கிடைக்கும். கப் ஹப்போடு அழுத்திப் பொருத்தியது. அது போனால் பெரும்பாலும் ஹப்பே போனதுபோல. முன்னால் 32, பின்னால் 40 கம்பியையும் பிரித்து வீல் கட்ட வேண்டிவரும்.

கேள்வி: பின் சக்கரத்துக்கு இரண்டு முறை கோன் டைட் செய்துவிட்டேன். ஒரு வாரத்தில் மறுபடி ஆட்டம், மேடு ஏறும்போது ரிம் பிரேக் கட்டையில் உரசுகிறது. ஏழு பல்சக்கரம் உள்ள கியர் சைக்கிள்.
— ஓசூர் வாசகர்

பதில்: அக்சில் உடைந்திருக்க வாய்ப்பு அதிகம். திருகிக் கழற்றும் ப்ரீவீல் (பின்பக்கப் பல்சக்கரத் தொகுதி) உள்ள ஹப்பில் வலப்பக்கக் குண்டுகள் ப்ரீவீலுக்கும் உள்ளே இருக்கின்றன. அங்கிருந்து ஃபிரேம்வரை அக்சிலுக்குத் தாங்குவதற்கு ஒன்றும் கிடையாது. கேரியரில் ஒரு மூட்டை அரிசி, எதிரே ஒரு பள்ளம் — வளைந்து வளைந்து அந்த இடத்திலேயே முறியும். பல்சக்கரங்களை உருவி மாட்டும் கேசட் வகை ஹப்பில் வலப்பக்கக் குண்டுகளை ஃபிரேம் ஓரம்வரை நகர்த்தியதால் இந்தத் தொல்லை குறைந்தது.

நெம்புகோலை மடக்கிச் சக்கரத்தைப் பூட்டும் குயிக் ரிலீஸ் என்றால் உடைந்த இரு துண்டையும் நடுக்கம்பி சேர்த்துப் பிடித்திருக்கும்; வெளியே ஒன்றும் தெரியாது. அக்சிலை உருவிக் கண்ணாடி மீது உருட்டுங்கள். நுனி எழும்பித் தாழ்ந்தால் வளைவு. வளைந்ததை நிமிர்த்தி மாட்ட வேண்டாம்.

புது அக்சில் வாங்கப் பழையதையும் கோனையும் எடுத்துச் செல்லுங்கள். பழைய கறுப்பு சைக்கிள்களின் பின் அக்சில் 3/8 இன்ச், அதாவது சுமார் 9.5 மி.மீ., இன்ச்சுக்கு 26 மரை. கியர் சைக்கிள்களில் பெரும்பாலும் 10 மி.மீ., 1 மி.மீ. மரை. 10 மி.மீ. கோன் 9.5 அக்சிலில் தொளதொளவென்று ஏறிவிடும், இறுக்கினால் மரை போய்விடும். குயிக் ரிலீஸ் அக்சில் ஒவ்வொரு பக்கமும் லாக் நட்டைத் தாண்டிச் சுமார் 5.5 மி.மீ. மட்டும் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். அதிகம் நீண்டால் ஃபிரேமைத் தாண்டி முட்டி, நெம்புகோல் இறுகவே இறுகாது.

கேள்வி: குயிக் ரிலீஸ் சக்கரத்தை ஆட்டமே இல்லாமல் கையில் வைத்துச் சரிசெய்தேன். வண்டியில் மாட்டியதும் இறுகிவிடுகிறது. ஏன்?
— சென்னை வாசகர்

பதில்: நெம்புகோலை மடக்கும்போது துளையுள்ள அக்சில் நசுங்கி மிகச் சிறிதளவு குட்டையாகிறது. கோன்கள் இரண்டும் நெருங்கிவிடும். எனவே கையில் இருக்கும்போது லேசான ஆட்டம் விட்டே பூட்ட வேண்டும். மாட்டி மடக்கியதும் அந்த ஆட்டம் மறைய வேண்டும்.

கேள்வி: ஹப்பில் தேங்காய் எண்ணெய் விடலாமா? துரு நீக்கும் ஸ்ப்ரே அடித்தால் நன்றாகச் சுற்றுகிறதே?
— நாகர்கோவில் வாசகர்

பதில்: இரண்டும் வேண்டாம். தேங்காய் எண்ணெய் தலைக்கும் தாளிப்புக்கும் சரி. 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும், மழைத் தண்ணீரில் நிற்காது. நல்லெண்ணெய் நாளாக ஆகப் பிசினாகி மண்ணை இழுக்கும். ஸ்ப்ரே அடித்ததும் நன்றாகச் சுற்றுவதற்குக் காரணம், உள்ளே இருந்த கிரீஸ் கரைந்து வழிந்ததுதான். இரண்டு வாரம் கழித்து கரகரவென்று சத்தம் வரும். வாகன பேரிங்குக்கு விற்கும் லித்தியம் கிரீஸ் போதும். பழைய ஹப்பின் நடுவில் சிறு ஓட்டையும் அதை மூடும் தகட்டு வளையமும் இருந்தால், அது எண்ணெய் விடுவதற்கே வைத்தது. இயந்திர எண்ணெய் நாலைந்து சொட்டு விடலாம்.

கடலோரக் காற்றும் வெள்ளமும் ஹப்புக்குப் பகை. சக்கரம் தண்ணீரில் மூழ்கி நின்றிருந்தால் உடனே பிரித்துப் பாருங்கள். கிரீஸ் டீயில் பால் விட்ட நிறத்துக்கு மாறியிருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது.

கேள்வி: என் ஹப்பில் கோனே இல்லை. சீல்டு பேரிங் என்கிறார்கள். அதை எப்படி மாற்றுவது?
— கோவை வாசகர்

பதில்: பேரிங்கின் ரப்பர் மூடியில் 6000, 6001, 608 என்று ஏதாவது எண் இருக்கும். 6000 என்றால் உள்விட்டம் 10, வெளிவிட்டம் 26, அகலம் 8 மி.மீ. 6001 என்றால் 12, 28, 8. மோட்டார் பேரிங் விற்கும் கடையிலேயே கிடைக்கும். எண்ணுக்குப் பின்னால் 2ஆர்எஸ் என்று கேளுங்கள். இருபுறமும் ரப்பர் மூடி உள்ளது என்று அதற்குப் பொருள்.

பழையதை உள்ளிருந்து தட்டிக் கழற்றுங்கள். புதியதை ஏற்றும்போது வெளி வளையத்தில் மட்டும்தான் அழுத்தம் விழவேண்டும். அதே விட்டமுள்ள சாக்கெட்டோ பழைய பேரிங்கோ வைத்து நேராக அழுத்துங்கள். உள்வளையத்தில் சுத்தியல் பட்டால் அடி முழுவதும் குண்டுக்குப் போய், புது பேரிங் முதல் நாளே குழி விழுந்து கெட்டுவிடும். பேரிங்கை ஒரு மணி நேரம் ஃபிரீசரில் வைத்தால் எளிதாக உட்காரும்.

கேள்வி: ப்ரீவீலையும் பிரித்துக் கழுவலாமா?
— மதுரை வாசகர்

பதில்: வேண்டாம். அதன் மூடி இடது மரை, கடிகார முள் திசையில்தான் கழலும். கழன்றதும் உள்ளிருந்து 1/8 இன்ச் குண்டுகள் பல டஜன் கொட்டும். சக்கரத்தைப் படுக்கவைத்து, ஓடும் பாகத்துக்கும் நிற்கும் பாகத்துக்கும் நடுவிலுள்ள இடுக்கில் மெல்லிய எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டுச் சுழற்றுங்கள். கிரீஸ் வைக்காதீர்கள்; உள்ளே பல்லில் மாட்டும் நாய்கள் (சிறு நாக்குகள்) ஒட்டிக்கொண்டு, மிதித்தாலும் பெடல் வெறுமனே சுற்றும்.